இஎக்ஸ்5 பின் டயர் 7,000 கிலோமீட்டரில் மொட்டை: காற்றா, சங்கிலியா, எஸ்டேட் சடக்கா?

சிப்புட்_கப்சாய்:

வணக்கம். வண்டி ஹோண்டா இஎக்ஸ்5, ஸ்போக் ரிம், டியூப் டயர். முன்னால் 2.25-17, பின்னால் 2.50-17 38எல். மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கம். லயத்திலிருந்து செம்பனைக் காட்டுக்குள் 6 கிலோமீட்டர் செம்மண் சடக்கு, பிறகு தார். போக வர ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர். காலையில் பின்னால் எப்போதும் ஓர் ஆள், கூடையில் சாப்பாட்டுத் தூக்கும் மழைக்கோட்டும்.

பிரச்சினை மூன்று.

பின் டயர் 7,000 கிலோமீட்டரில் நடுவே சப்பட்டை. ஓர் ஓரமாக இல்லை, மூன்று விரல் அகலத்துக்கு டயர்ப் பூ (பள்ளமும் மேடும்) அழிந்துவிட்டது.

முன் டயரில் பூ இருக்கிறது. ஆனால் கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்குகிறது, எதிர்ப்பக்கம் தடவினால் அரம் மாதிரி பிடிக்கிறது.

பின் டியூப் இரண்டு முறை வால்வின் அடியில் கிழிந்தது. முள் இல்லை, ஆணி இல்லை.

காற்று டவுனில் எண்ணெய் போடும் இடத்தில் அடிக்கிறேன். முன்னால் 25, பின்னால் 33 பிஎஸ்ஐ. வாரம் ஒரு முறை தவறாது. மோட்டார் கடையில் "டயர் பிராண்ட் சரியில்லை, மாற்று" என்கிறார்கள். மாற்றுவதற்கு முன் வேறு என்ன பார்க்க வேண்டும்? இன்னும் அகலமான 2.75 போட்டால் அதிக தூரம் ஓடுமா?

பட்டறை17:

பிராண்டை விடுங்கள். உங்கள் முதல் பிரச்சினையும் மூன்றாவதும் ஒன்றேதான்: பின்னால் காற்று குறைவு. 33 அடித்தும் குறைவா என்று கேட்பீர்கள். குறைவுதான், இரண்டு வழியில்.

முதலில், நீங்கள் அளப்பது சூட்டில். லயத்திலிருந்து ஆளை வைத்துக்கொண்டு டவுன் வரை ஓட்டிய பிறகு டயருக்குள் இருக்கும் காற்று, விடியற்காலையில் இருந்ததைவிட 20 டிகிரி கூடச் சூடாக இருக்கும். 33 பிஎஸ்ஐ டயரில் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ ஏறும். ஆக டவுனில் 33 காட்டினால், மறுநாள் காலை வாசலில் நிற்கும்போது அதே டயரில் 29, 30தான் இருக்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவெல்லாம் ஆறிய டயருக்கு.

இரண்டாவது, 33 என்பது தனி ஆளுக்கு. இந்த வகை ஹோண்டாவில் பின்னால் ஆள் இருந்தால் 280 கேபிஏ, அதாவது 41 பிஎஸ்ஐ. சங்கிலி மூடியிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலோ ஸ்டிக்கர் இருந்தால் அதில் உள்ளதையே எடுங்கள். நீங்கள் 41 வேண்டிய இடத்தில் 30-ல் ஓட்டுகிறீர்கள்.

தேய்ந்த பட்டையின் அகலமே இதைச் சொல்லிவிடும். நேர்ச் சாலையில் ஓடும் கப்சாயில் (இந்த மாதிரி சின்ன மோட்டார் சைக்கிளில்) நடு தேய்வது இயற்கை, அதை வைத்து மட்டும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. காற்று அதிகமென்றால் நடுவே ஒரு விரல், ஒன்றரை விரலுக்குக் கோடு போட்ட மாதிரி தேயும். காற்று குறைந்தால் பட்டை அகலும். 2.50 டயரின் மொத்த அகலமே 63 மில்லிமீட்டர்தான். அதில் மூன்று விரல் சப்பட்டை என்றால் டயர் சாலையில் படுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிரும், ரப்பர் சூடேறும், சூடேறிய ரப்பர் கல்லில் வேகமாக உதிரும்.

வால்வுக்கு வருவோம். காற்று குறைந்த டயர் ரிம்மை இறுக்கிப் பிடிக்காது. கியர் மாற்றி முறுக்கும்போதும் பிரேக் அழுத்தும்போதும் ரிம் ஒரு வழி, டயர் ஒரு வழி என்று மெல்ல நகரும். டயரோடு டியூபும் நகரும், ஆனால் வால்வு ரிம் ஓட்டையில் மாட்டி நிற்கும். கடைசியில் வால்வு அடியில் பிய்யும். சோதிக்க எளிய வழி: வால்வுக்கு நேராக ரிம்மிலும் டயர் பக்கச்சுவரிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டும் விலகியிருந்தால் டயர் நகர்கிறது. வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தாலும் அதே அர்த்தம்தான்.

இன்னொன்று. வால்வு மேல் உள்ள சின்ன நட்டை ரிம்மோடு ஒட்ட முறுக்கி வைப்பது நம் ஊர்க் கடைகளில் வழக்கம். அது தவறு. நட்டை மேலே வால்வு மூடியோடு சேர்த்து இறுக்கிவிடுங்கள். அப்போது டயர் கொஞ்சம் நகர்ந்தால் வால்வு சாயும், உங்களுக்குக் கண்ணில் தெரியும். கீழே பூட்டி வைத்தால் சாயாது, நேராகக் கிழியும்.

செய்ய வேண்டியது: பென்சில் மாதிரி ஒரு காற்று அளவுகோல் வாங்கி வீட்டிலேயே வையுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் அளங்கள். 5 பிஎஸ்ஐ குறைவு என்றால் அந்த 5-ஐ மனதில் வைத்து, டவுனில் அங்கே காட்டும் எண்ணுக்கு மேல் 5 ஏற்றுங்கள். சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டுகிறதே என்று ஒருபோதும் காற்றை இறக்காதீர்கள்.

செங்குத்து:

மேலே சொன்ன காற்றுக் கணக்கு சரி. ஆனால் இந்த வயது வண்டியில் காற்றைச் சரி செய்தும் டயர் தேய்ந்தால் அடுத்த சந்தேகம் பின் சக்கரம் கோணலாக நிற்பது. ஸ்விங்ஆர்மில் உள்ள கோடுகளை நம்பிச் சங்கிலியை இறுக்குகிறார்கள். பழைய வண்டியில் இடது கோடும் வலது கோடும் ஒன்றாக இருந்தாலும் சக்கரம் நேராக இருக்கும் என்று சொல்ல முடியாது.

நூல் போட்டுப் பார்க்கலாம். நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நீள நூலின் நடுவைப் பின் டயரின் பின்பக்கத்தில் சுற்றி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரண்டு பக்கமும் முன்னே இழுத்துக்கொண்டு வாருங்கள். ஸ்டாண்டும் மிதியும் தட்டாத உயரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நூல் பின் டயரின் முன் விளிம்பை அப்போதுதான் தொடும் அளவுக்கு இரு பக்கமும் பிடித்தால், முன் டயரின் இரு புறமும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். 2.25-க்கும் 2.50-க்கும் அகல வித்தியாசம் 6 மில்லிமீட்டர். அப்படியானால் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர். ஒரு பக்கம் 6, மறுபக்கம் டயரையே தொடுகிறது என்றால் பின் சக்கரம் கோணல். ஹேண்டில் நேராக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

சரி செய்யும்போது வரிசை முக்கியம். பின் பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டு, அச்சு நட்டு, ஸ்ப்ராக்கெட் பக்கம் உள்ள பெரிய ஸ்லீவ் நட்டு, மூன்றையும் தளர்த்த வேண்டும். பலர் ஸ்லீவ் நட்டை மறந்துவிட்டு அட்ஜஸ்டரை மட்டும் திருகுவார்கள். ஒரு பக்கம் நகரும், மறுபக்கம் நகராது. கோணல் பிறப்பதே அங்கேதான்.

சங்கிலித் தொய்வு 25 முதல் 35 மில்லிமீட்டர். இஎக்ஸ்5-ல் சங்கிலி முழுதும் மூடியிருப்பதால் மூடியில் உள்ள ரப்பர் அடைப்பானைக் கழற்றி விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றச் சுற்ற ஓர் இடத்தில் இறுகும், ஓர் இடத்தில் தொங்கும். இறுகும் இடத்தில் 25 இருக்க வேண்டும். தொங்கும் இடத்தை வைத்து இறுக்கினால் ஆள் உட்கார்ந்ததும் சங்கிலி விறைத்துப் பேரிங்கைத் தின்னும்.

சக்கரத்தைப் பின்னே தள்ளினால் பிரேக் கம்பியும் இறுகிவிடும். மிதியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா போக வேண்டும். முடித்ததும் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். சொர சொரவென்று சத்தம் வந்து ஒரு சுற்றில் நின்றால் பிரேக் ஒட்டுகிறது. அப்படியே 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம்மைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூடு உங்கள் டயரிலும் எண்ணெயிலும் போன காசு.

அப்புறம் டிரம்முக்குள் இருக்கும், சங்கிலி இழுக்கும் அதிர்வைத் தாங்கும் டேம்பர் ரப்பர். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் டொக் டொக்கென்று ஆடுகிறதா? ரப்பர் செத்துவிட்டது. கியர் விழும் ஒவ்வொரு முறையும் டயர் சாலையில் ஒரு வெட்டு வெட்டும். மலிவான பொருள்தான், சங்கிலி மாற்றும்போது சேர்த்து மாற்றிவிடலாம்.

சிப்புட்_கப்சாய்:

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. இன்று காலை ஆறிய டயரில் அளந்தேன்: பின்னால் 28, முன்னால் 21. வால்வும் சாய்ந்துதான் நிற்கிறது. ஸ்ப்ராக்கெட் ஆடவில்லை.

முன் டயர் அரம் மாதிரி ஆவது பற்றி யாரும் சொல்லவில்லை. 2.75 பற்றியும் சொல்லுங்கள். ஒரு கடையில் பழைய ஸ்டாக் மலிவாகத் தருகிறேன் என்கிறார்கள், எடுக்கலாமா? இன்னொருவர் தேய்ந்ததில் பூ வெட்டித் தருகிறாராம்.

பட்டறை17:

பூ வெட்டுவதைக் கடைசியில் பேசலாம் என்றால் மறந்துவிடுவேன், இப்போதே சொல்கிறேன்: வேண்டாம். லோரி டயரில் வெட்டுவதற்கென்றே அடியில் ரப்பர் கூடுதலாக விட்டிருப்பார்கள். கப்சாய் டயரில் பூவுக்குக் கீழே நூல் அடுக்கு உடனே வந்துவிடும். வெட்டுகிற கத்தி நூலைத் தொட்டால் அந்த இடம் வீங்கி வெடிக்கும்.

முன் டயர். 21-ல் ஓடினால் அரமாவது ஒரு பங்கு அதனால். மீதிக்கு ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள கோன் பேரிங்கைப் பாருங்கள். நடு ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை உட்கார வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் அடிப்பகுதி இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் தலையில் டிக்கென்று ஒரு தட்டல் கைக்குத் தெரிந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. பிறகு ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி பிடித்து நின்றால் பேரிங் கிண்ணத்தில் குழி விழுந்துவிட்டது. இறுக்கிப் பயனில்லை, கிண்ணமும் குண்டும் மாற்ற வேண்டும். செம்மண் சடக்கில் நாள்தோறும் குலுங்கும் வண்டியில் இது சகஜம்.

ஸ்போக்கையும் விடாதீர்கள். ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போங்கள். இறுகியது டிங் என்னும், தளர்ந்தது டப் என்னும். டப் என்பது நாலைந்து சேர்ந்தாற்போல் இருந்தால் ரிம் ஆடும். போர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி நுனியை ரிம் விளிம்புக்கு அருகே வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஸ்போக் கட்டுகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். தானாக முறுக்கினால் பெரும்பாலும் இன்னும் கோணலாகும்.

இனி அளவு. 2.75 போட வேண்டாம் என்பது என் கருத்து. டயரின் மொத்த உயரம் 559 மில்லிமீட்டரிலிருந்து 572 வரை போகும். கியர் கொஞ்சம் கனக்கும், மட்கார்டுக்கும் சங்கிலி மூடிக்கும் இடைவெளி குறையும். மழைக்காலத்தில் அந்த இடைவெளியில் செம்மண் அடைத்துக்கொண்டு டயரின் பக்கத்தைத் தேய்க்கும். உங்களுக்கு வேண்டியது பெரிய டயர் இல்லை, கனம் தாங்கும் டயர். டயரில் 38எல் என்று இருக்கிறதே, அந்த 38 என்றால் 132 கிலோ தாங்கும், எல் என்றால் 120 கிலோமீட்டர் வேகம் வரை. வண்டி ஏறத்தாழ 100 கிலோ, இரண்டு பேர் 140, மொத்தம் 240. ஆள் பின்னால் உட்காரும்போது அதில் 60 சதவீதம் பின் சக்கரத்துக்கு வந்தால் 144. எல்லை தாண்டியாயிற்று, அதுவும் காற்று குறைவாக. அதே 2.50-17-ல் 43பி என்று கேளுங்கள். 155 கிலோ தாங்கும், பக்கச்சுவர் கெட்டி. கொஞ்சம் விறைப்பாக ஓடும், அவ்வளவுதான்.

பழைய ஸ்டாக்: பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய டயர் நீண்ட நாள் ஓடும் என்று கடையில் சொன்னால் அது ஒரு விதத்தில் உண்மைதான். கெட்டியான ரப்பர் தேயாது. மழையில் சாலையைப் பிடிக்கவும் பிடிக்காது. கடை வாசலில் வெயிலில் தொங்கியதாக இருந்தால் பூவின் பள்ளத்தை விரலால் விரித்துப் பாருங்கள். உள்ளே மயிர்க்கோடாக வெடிப்பு தெரிந்தால் இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

மூணாம்_டிவிஷன்:

பெரியவங்க சொன்னது தார் சடக்குக் கணக்கு. உள் சடக்குக்கு நான் சொல்றேன்.

தம்பி, காட்டுக்குள்ள கல்லு குலுங்குதுன்னு காத்தை இறக்குற பழக்கம் இருந்தா விட்டுருங்க. அது காட்டு வண்டி ஸ்க்ராம்ப்ளர் ஓட்டுறவன் வேலை, அவன் டயர் வேற. நம்ம டயர்ல இறக்குனா கல்லு டியூபை ரிம்மோட வச்சு நசுக்கும். பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்டை இருந்தா அது முள்ளு இல்ல, இதுதான்.

டயர் அதிகம் போறது ஏத்தத்துல. முதல் கியர்ல முறுக்கி, பின் சக்கரம் சரளையில சும்மா சுத்துது பாருங்க, அந்த நாலு வினாடியில நாலு நாள் தேய்மானம் போயிரும். ஏத்தத்துக்கு முன்னாடியே ரெண்டாவது கியர்ல வேகம் எடுத்து, முறுக்காம ஏறணும். இறக்கத்துலயும் பின் பிரேக்கை மட்டும் அமுக்கி இழுத்துக்கிட்டு வராதீங்க. கியரைக் குறைச்சு இஞ்சினாலயே வேகத்தைப் பிடிங்க, ரெண்டு பிரேக்கையும் லேசா தொடுங்க.

மழை விட்ட உடனே போட்ட புதுச் சரளையில மெதுவா போங்க. ஈரமான ரப்பரைக் கல்லு சுலபமா வெட்டும். காஞ்ச ரப்பர்ல கத்தி போட்டுப் பாருங்க, தண்ணி தொட்டுப் போட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். லோரி ஏறி ஏறித் தடம் விழுந்த இடம் இருக்கும்ல, அந்தத் தடத்துல கல்லு உள்ள அமுங்கியிருக்கும். அதுலயே ஓட்டுங்க. நடுவுல மேடா இருக்கிறது எல்லாம் உதிரிக்கல்லு.

செம்பனை மட்டையோட அடிப்பக்க முள்ளு பெரிய எதிரி. வெட்டுன மட்டையை வரிசையா அடுக்கி வச்சாலும் ஒண்ணு ரெண்டு சடக்குல கிடக்கும். முள்ளு உடனே பஞ்சர் பண்ணாது. பூவுக்குள்ள ஒடிஞ்சு நிக்கும், ஓட ஓட உள்ள போகும். ஞாயித்துக்கிழமை நடு ஸ்டாண்ட்ல போட்டு சக்கரத்தை ஒரு சுத்து மெதுவா சுத்துங்க. கருப்புல கருப்பா தெரியாது, அதனால ஈரத்துணியால துடைச்சிட்டு டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க. சின்னப் புள்ளியா இருக்கும். கூர்மூக்கு ப்ளையர்ல பிடுங்கிருங்க. கல்லு மாட்டியிருந்தாலும் ஸ்க்ரூடிரைவரால தட்டி எடுங்க.

முள்ளுக்குப் பயந்து பழைய டியூபை வெட்டி டயருக்கும் டியூபுக்கும் நடுவுல வைக்கிறாங்க. வேணாம். அது உள்ள மடிஞ்சு, சூடாகி, அந்த மடிப்புலயே டியூபைத் தேய்க்கும்.

லோரி நிக்கிற இடத்துல டீசல் சிந்தியிருந்தா அதுல வண்டியை நிறுத்தாதீங்க. டீசல் ரப்பரை ஊற வச்சு இளக்கிரும். பட்டுச்சுன்னா சோப்புத் தண்ணியில கழுவுங்க. பளபளப்புக்கு அடிக்கிற பாலிஷ் எல்லாம் பக்கச்சுவரோட நிக்கணும், பூவுல பட்டா வளைவுல வழுக்கி விட்டுரும்.

செங்குத்து:

டியூப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 1877-இல் நட்ட ரப்பர் மரம் பக்கத்துக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிற ஊர்க்காரரிடம் இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனால் டியூபுக்கு இயற்கை ரப்பர் நல்லதில்லை. காற்று அதன் வழியாகக் கசியும். பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர் டியூபில் கசிவு பல மடங்கு குறைவு. வாரத்துக்கு 3, 4 பிஎஸ்ஐ தானாக இறங்குகிறது, தண்ணீரில் அமுக்கினால் குமிழியும் வரவில்லை என்றால், டியூபும் வால்வு ஊசியும்தான் காரணம். டயர் மாற்றும் நாளில் டியூபையும் மாற்றுங்கள். பழைய டியூப் நீண்டு பெருத்திருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழும்.

சிப்புட்_கப்சாய்:

சரி, 43பி தேடுகிறேன். டியூப் என்ன அளவு கேட்க வேண்டும்? மாட்டும்போது நான் பக்கத்தில் நின்று எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பட்டறை17:

டியூப் 2.25/2.50-17, டிஆர்4 வால்வு, பியூட்டைல்.

பழைய டயரைக் கழற்றியதும் ரிம் உள்பக்கத்தைப் பாருங்கள். துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், துரு மேல் டயர் உட்காராது. ஸ்போக் நுனி எதுவும் மேலே துருத்தக் கூடாது, துருத்தினால் அரத்தால் ராவ வேண்டும். ரிம் ரப்பர் பட்டை பிய்ந்திருந்தால் புதிது போடுங்கள். சுழலும் திசை அம்புக்குறி முன்னோக்கி இருக்கட்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும்.

டியூபுக்குள் கொஞ்சம் காற்று விட்டு உருண்டையாக்கிய பிறகுதான் உள்ளே திணிக்க வேண்டும். கடைசி ஓரத்தை வால்வு இருக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் முடித்தால் லீவர் டியூபைக் கடிக்கும். சோப்புத் தண்ணீர் தொட்டு 40 வரை ஏற்றி, முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் மடிப்பு அப்போதுதான் விரியும். ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். அது எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் அங்கே உட்காரவில்லை, அப்படியே ஓட்டினால் வண்டி துள்ளும்.

முதல் 150 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காதீர்கள், முறுக்காதீர்கள். மறுநாள் காலையில் ஆறிய டயரில் ஒரு முறை அளந்து 41-க்குக் கொண்டு வாருங்கள். வெள்ளைக் கோட்டையும் அன்றே போட்டுவிடுங்கள்.

மூணாம்_டிவிஷன்:

எப்ப மாத்தணும்னு கேட்பீங்க. பக்கச்சுவர்ல சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ எழுத்தோ இருக்கும். அதுக்கு நேரா பூவோட பள்ளத்துல ஒரு சின்ன மேடு இருக்கும். பூ தேஞ்சு அந்த மேட்டோட சமமானா மாத்திருங்க. உங்க பழைய டயர்ல அந்த மேடு இப்பவே தெரியுதுன்னா சம்பளம் வர்ற வரைக்கும் ஓட்டலாம்னு நினைக்காதீங்க. முதல்ல பின் டயரை மாத்துங்க, முன் டயர் கோன் சரி பண்ணுன பிறகு இன்னும் ஓடும்.